பூஜை போட்ட படகும் மாமன் மடியும்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரை. வெயில் இன்னும் ஏறவில்லை. ஒரு டிராக்டர், அதன் பின்னால் ஒரு டிரெய்லர், டிரெய்லர் மேல் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு படகு. படகின் மூக்கில் சந்தனம், குங்குமம், இரண்டு முழம் கதம்பம். எதிரே முழங்கால் அளவு தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் தம்பி செந்தில் நிற்கிறான். கையில் எலுமிச்சம்பழங்கள். அவன் ஒவ்வொரு பழமாகத் தண்ணீரில் வைக்கிறான். ஒவ்வொரு பழமும் அவன் விரலை விட்டதும் கடலைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறது.

"பழம் நிக்க மாட்டேங்குது மாமா. ஆறு இழுக்குது."

"புடிச்சி வெய் மச்சான்," என்றார் படகின் பக்கத்தில் சூடத்தட்டோடு நின்ற என் வீட்டுக்காரர். "படகு அது மேல ஏறித்தான் எறங்கணும்."

ஓடுகிற ஆற்றில் எலுமிச்சம்பழத்தை நிறுத்தி வைக்கலாம் என்று மனதார நம்பிய இரண்டு ஆண்பிள்ளைகள். ஒருவர் நான் கட்டிக்கொண்டவர். இன்னொருவன் என்கூடப் பிறந்தவன். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்தத் தொடரில் முன்பொரு வாரம், 'எங்கள் வாசலில் படகு நின்ற காலத்தில்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சிதம்பரத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் கடலும் இல்லை, ஆறும் இல்லை. படகு எதற்கு மேடம்?" அம்மா, அதே கேள்வியை நான் வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். இன்றுவரை நேரான பதில் கிடைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொட்டகைக்குள் இருந்தது

சுனாமி வந்துபோய் மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் சிதம்பரத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். கடலூரில் ஒரு பழைய பங்களாவில் போர் மோட்டார் எரிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், போனார். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வரவேண்டியதுதானே? பின்பக்கம் ஒரு கொட்டகை இருந்திருக்கிறது. எட்டிப் பார்த்திருக்கிறார். தென்னை மட்டைக்கு அடியில் அது இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனதாம். இடத்தை வாங்கியவர்கள் கொட்டகையை இடிக்கப் போகிறார்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருக்கிறார்கள்.

உடனே என் தம்பிக்குப் போன். செந்தில் வளைகுடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் படகுகளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில வருடம் இருந்துவிட்டு, சேத்தியாத்தோப்பில் எங்கள் பிறந்த வீட்டோடு வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடித்துப் பிடித்துக்கொண்டு கடலூருக்கு ஓடினான்.

"மாமா! இது ஸ்கீ போட்டு மாமா!" என்று அங்கேயே குதித்தானாம்.

விஷயம் என்னவென்றால், சாதாரணப் படகுக்கு என்ஜின் பின்னால் தொங்கும். இதற்கு நட்டநடு வயிற்றில், ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். லாரி என்ஜின் அளவு. அதிலிருந்து ஒரு இரும்புத் தண்டு அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய் விசிறியைச் சுற்றும். நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனையை ஒரு ஆள் பிடித்துக்கொண்டு, காலில் ஸ்கீ என்ற இரண்டு நீளப் பலகைகளை மாட்டிக்கொண்டு, தண்ணீர்மேல் நின்றபடியே பின்னால் வருவார். அதற்கென்றே செய்த படகு. மீன் பிடிக்க ஆகாது. நாலு பேருக்கு மேல் ஏற்ற ஆகாது. ரிவர்ஸ் போட்டால் அதற்கு இஷ்டமான பக்கம் போகும்.

அன்று சாயங்காலம் இருவரும் வீட்டுக்கு வந்து அதைப்பற்றிப் பேசியபோது வீட்டுக்காரர் முகத்தில் ஒரு பிரகாசம். எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒரு படத்தில்கூட அந்தப் பிரகாசம் இல்லை.

வாசலை அடைத்துக்கொண்டு

படகு எங்கள் வாசலுக்கு வந்தது. கோலம் போட இடம் போயிற்று. கேஸ் சிலிண்டர்காரர் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். என்ஜின் பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. நான் கணக்கு வாத்தியார், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஸ்டாஃப் ரூமில் தினமும் ஒருவர், "என்ன டீச்சர், இந்த வருஷம் மழை ஜாஸ்தியா?" என்று கேட்பார். நானும் சிரித்துவைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் செந்தில் வந்துவிடுவான். அந்த என்ஜின் ஆற்றுத் தண்ணீரைக் குடித்துத்தான் சூடு தணியுமாம். தெருவில் ஆற்றுக்கு எங்கே போவது? என் குடிதண்ணீர் டிரம்மில் ஹோஸைப் போட்டு ஓட்டினார்கள். முதல்முறை ஸ்டார்ட் ஆனபோது தெருவிலிருந்த காக்கை ஒன்றுகூட பாக்கியில்லை. காயப்போட்ட வேட்டி, புடவை எல்லாம் கறுப்பு. எதிர்வீட்டு அம்மாள் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். படகுக்கு அடியில் இருவரும் படுத்துக்கொண்டு, நாலு கால் மட்டும் வெளியே தெரிய, உள்ளேயிருந்து சிரிப்பு வரும். டீ எடுத்துக்கொண்டு போனால், "அக்கா, மாமா சொல்றத கேளேன்," என்பான். பெண்ணுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே படகுக்கு அடியில் படுத்துச் சிரித்தால் அதைவிட வேறு என்ன வேண்டும்? கரி படிந்த புடவையைத் துவைத்துக்கொண்டே எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. பொங்கல் கழித்துக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாகப் பேசிவைத்திருந்தோம். செந்தில் எனக்கு ஒரே தம்பி. அவளுக்கு அவன் ஒருவன்தான் தாய்மாமன். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அவன் இப்போதே அவளிடம், "கம்மல் மாமா வாங்கியாரேன், அழக் கூடாது," என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

முன்னாலதான் போகணும்

இப்போது எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன்.

படகை டிரெய்லரில் வைத்து ஆற்றுக்குக் கொண்டுபோனால், டிரெய்லரைப் பின்னால் தள்ளித் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். படகின் பின்பக்கம் முதலில் தண்ணீரைத் தொடும். உலகம் முழுக்க அப்படித்தான் இறக்குகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

"பூஜ போட்ட வண்டி மொத அடி பின்னால வெக்கலாமா? டிவிஎஸ் ஃபிப்டிகூட முன்னால ஓட்டித்தானே எடுத்தோம்?" என்றார்.

"அப்ப இங்க வாசல்லியே பூஜ போட்டு, எலுமிச்சம்பழத்துமேல ஏத்தி, ரோட்டுல முன்னால ஓட்டினு போங்க," என்றேன் நான். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது?

"படகுக்கு ரோடு ஏது? தண்ணிதான் ரோடு. தண்ணியில மொத அடி முன்னால வெக்கணும்."

சரி, வளைகுடாவில் படகோடு இருந்தவனாயிற்றே, செந்திலாவது எடுத்துச் சொல்வான் என்று பார்த்தேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒன்னு பண்ணலாம் மாமா. படகத் திருப்பி வெச்சிடலாம். மூக்கு பின்பக்கம் பாக்கட்டும். டிராக்டர் ரிவர்ஸ்ல போனா படகு முன்னாலதானே எறங்கும்?" என்றான்.

என் வீட்டுக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

செயின் பிளாக் வைத்துத் தூக்கி, தெருவே கூடி நின்று படகைத் திருப்பிவைத்தது. டிராக்டர் செந்திலுடையது. பரங்கிப்பேட்டையில் நூர் பாய் வீட்டுக் கொல்லை ஆற்றில் முடியும். வீட்டுக்காரருக்கு நெடுநாள் சிநேகம், மலேசியாவில் இருந்துவிட்டு வந்தவர். சுனாமியில் அவர் கொல்லைச் சுவர் போயிருந்தது, திரும்பக் கட்டவில்லை. அதனால் டிரெய்லர் இறங்க வழி இருந்தது. அவர் படகைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "என்னா டீச்சர், தலையும் வாலும் மாறி நிக்கிது?" என்று கேட்டார்.

"மொறைப்படி நிக்கிது பாய்," என்றேன்.

கடைசியில் செந்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டிப் பிடித்துக்கொண்டான். பூசணிக்காய் உடைத்தார்கள். நூர் பாய் வீட்டுப் பையன் டிராக்டரைப் பின்னால் நகர்த்தினான். படகின் மூக்கு ஜம்மென்று தண்ணீரில் இறங்கி, பழத்தின்மேல் ஏறி, மிதந்து மேலே எழும்பியது. வீட்டுக்காரர் கைதட்டினார். மூக்கு மேலே எழும்பினால் பின்பக்கம் கீழே அமுங்கும் அல்லவா? அமுங்கியது. டிரெய்லரின் குறுக்கு இரும்பு அங்கே இருந்தது. அதன்மேல் விசிறியும் தண்டும் போய் உட்கார்ந்தன. 'கடக்' என்று ஒரு சத்தம்.

விசிறி மடங்கிவிட்டது. தண்டு வளைந்துவிட்டது. நாலு மாத உழைப்பு.

"உங்க பூஜயால வந்துது," என்றான் செந்தில்.

"படகத் திருப்பி வெக்கச் சொன்னது யாரு? பெரிய எக்ஸ்பர்ட்டு மாதிரி!"

"நீங்க அடம் புடிச்சீங்க, நான் வழி சொன்னேன்."

"என்னா வழி? அங்க நீ படகு ஓட்டுனியா? படகு கழுவுனவன்தானே நீ!"

அவ்வளவுதான். நூர் பாய், பத்திருபது ஜனம், டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த நிலா, எல்லாரும் பார்க்க அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டது. செந்தில் கையிலிருந்த நூலைப் போட்டான். டிரெய்லரின் கொக்கியைக் கழற்றினான். நிலாவைத் தூக்கி என்னிடம் கொடுத்தான். டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தூது

அதற்கப்புறம் என் பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

இவர், "உன் தம்பி" என்பார். அவன், "உன் வீட்டுக்காரர்" என்பான். 'மச்சான்', 'மாமா' இரண்டு வார்த்தையும் செத்துப்போயின. தீபாவளிக்கு செந்தில் வரவில்லை. பொங்கலுக்கு என் சீரைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவன், அந்த வருடம் கரும்புக் கட்டையும் வெல்லத்தையும் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நான் போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிக்கொண்டு வந்தேன். கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது அழுதேன். கோபம்தான் ஜாஸ்தி.

காதுகுத்தும் தள்ளிப்போனது. வீட்டுக்காரரின் சித்தப்பா ஒருநாள் வந்து, "எங்க பக்கத்துல யாராவது ஒருத்தர் மடியில உக்கார வெச்சி முடிச்சிடலாமே," என்றார்.

"தாய்மாமன் உசுரோட கல்லாட்டம் இருக்கான். எம்பொண்ணு யார் மடியிலயும் உக்கார மாட்டா," என்றேன். அவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் இவர் தனியாகவே லேத் பட்டறைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அலைந்து தண்டை நிமிர்த்தினார். ஒருநாள் படகு ஓடியது. பின்பக்கமாகத்தான் இறக்கினார், பூஜை இல்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஓடியபோது என்ன ஒரு ஓட்டம்! எரிச்சலோடு ஏறி உட்கார்ந்தவள்தான் நான். நூர் பாய் கொல்லையை விட்டு, ஆறு அகலமாகும் இடத்துக்கு வந்ததும் இவர் அழுத்தினார். படகு ஒரு எம்பு எம்பித் தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. கரையோரச் சேற்றின் வாடையும் பெட்ரோல் வாடையும் கலந்து வந்தன. வாயில் உப்பு. கொக்குகள் கூட்டமாக எழும்பின. பின்னல் அவிழ்ந்து தலைமுடி முகமெல்லாம் அடித்தது. "இன்னும் வேகமா!" என்று கத்தியது யார் என்று பார்த்தால் நான்தான். என் வயசென்ன, என் உத்தியோகமென்ன!

இவரோ சிரிக்கவில்லை. காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

இந்தப் படகுக்கு மூன்று பேர் வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார். கயிற்றைப் பிடித்து வருகிறவர் பின்னால். நடுவில் ஒருவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, அவர் காட்டும் சைகையை ஓட்டுகிறவருக்குச் சொல்லவேண்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம். கீழே என்றால் மெதுவாக. விழுந்துவிட்டால் உடனே கத்தவேண்டும். எங்களிடம் மூன்றாவது ஆள் இல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு லாரிக் கண்ணாடியை வாங்கிவந்து படகில் மாட்டினார்.

"நீ கயித்தப் புடி. நான் கண்ணாடியில பாத்துக்கறேன்," என்றார்.

எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. சேத்தியாத்தோப்பில் வாய்க்காலில் தம்பியோடு நீந்தி வளர்ந்தவள். தண்ணீருக்குப் பயம் கிடையாது. ஆனால் கூடப்பிறந்தவன் உட்காரவேண்டிய இடத்தில் லாரிக் கண்ணாடியா? எனக்கு வந்ததே கோபம்!

செந்திலுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழம நான் கயித்தப் புடிக்கப் போறேன். உங்க மாமா கண்ணாடியில என்னப் பாக்கப் போறாராம். நீ வந்து உக்காந்தா உக்காரு. இல்லன்னா அக்கா ஆத்தோட போயிட்டான்னு நெனச்சிக்க."

"அவருகிட்ட நான் பேச மாட்டேன்."

"உன்ன யாரு பேசச் சொன்னா? பின்னால பாத்துக்கிட்டு உக்காரு."

கயிறு

வந்தான். நூர் பாயிடம் பேசினான். என்னிடம் பேசினான். இவர் பக்கம் திரும்பவில்லை. படகில் நடுவில் நான் இருக்கும்வரை வழக்கம்போலத் தூதுதான்.

"அக்கா, கயித்துல முடிச்சு இருக்கு, பாக்கச் சொல்லு."

"முடிச்சு எனக்கும் தெரியுதுன்னு சொல்லு."

ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு! சுடிதார்மேல் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நான் தண்ணீரில் குதித்தேன். குதித்தபிறகுதான் உறைத்தது. இனி அந்தப் படகில் தூதுவர் யாரும் இல்லை.

"கைய மடக்காதக்கா. நீயா எழுந்திருக்கப் பாக்காத. படகு உன்ன எழுப்பும்," என்று செந்தில் கத்தினான்.

முதல்முறை மூக்கில் தண்ணீர். இரண்டாம்முறை ஒரு பலகை கழன்று ஓடியது. அப்புறம் எப்படியென்று தெரியவில்லை, கால் நடுங்க நடுங்க, தண்ணீர்மேல் நின்றுவிட்டேன். ஆறு காலுக்குக் கீழே சரசரவென்று ஓடியது. கரையில் நூர் பாய் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அடேயப்பா! பத்தாம் வகுப்புக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

ஆனால் வேகம் ஜாஸ்தி. கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

செந்தில் வாய் அசைந்தது. என்ஜின் பெட்டியைப் பார்த்துச் சொன்னான்போல. இவர் திரும்பவில்லை. மறுபடி காட்டினேன். செந்தில் இவர் தோளைத் தட்டினான். இவர் திரும்பி ஏதோ சொன்னார். அவன் கையை ஆட்டினான். இவரும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஆட்டினார். செந்தில் எழுந்து நின்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லாரிக் கண்ணாடியையும் மறைத்துக்கொண்டு நின்றான்! என்னைப் பார்க்கவேண்டியவன்!

"டேய்!" என்று கத்திய வேகத்தில் பலகை குறுக்கே போய், குப்புற விழுந்தேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் படகு போய்க்கொண்டே இருக்கிறது. வெறும் கயிறு பின்னால் துள்ளித் துள்ளிப் போகிறது. இரண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டி... பாவிகளா, நான் இங்கே கிடக்கிறேனடா! தொண்டை கிழியக் கத்தினேன். அந்த என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

படகு வளைவில் மறைந்தது. ஜாக்கெட் என்னை மிதக்கவைத்திருந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் புத்திக்கு எட்டியது. பேசுகிறார்கள். இத்தனை மாதம் கழித்து, இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினேன், மறுபடி சிரித்தேன்.

தூரத்தில் என்ஜின் சத்தம் சட்டென்று குறைந்தது. "அக்கா!" என்று ஒரு அலறல். "கலா! ஏ கலா!" என்று இன்னொன்று. நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லாத மனிதர். படகு திரும்பிப் பறந்து வந்தது. பக்கத்தில் வந்து என்ஜினை அணைத்ததுதான் தாமதம்.

"பாக்கறதுக்குத்தானே உன்ன உக்கார வெச்சேன் மச்சான்?"

"நீங்க கத்துனா நான் உங்களப் பாப்பனா, அவளப் பாப்பனா மாமா?"

"ஸ்லோன்னு யாருகிட்ட சொன்ன? என்ஜினுகிட்டயா?"

"அக்கா, நீ ஏன் கயித்த வுட்ட?" என்று என்மேலும் பாய்ந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. "ஏறு, ஏறு," என்று கையை நீட்டினான்.

படகின் பின்னால் இருந்த பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஏறவில்லை. "மொதல்ல ரெண்டு பேரும் சொல்லுங்க. எம்பொண்ணுக்குக் காது குத்தறப்ப அவள மடியில வெச்சிக்கப் போறது யாரு?"



"மொறையா கூப்டா வருவேன்," என்றான் செந்தில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

இவர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்து வந்தார். "அன்னிக்கு வாய்ல வந்தத சொல்லிட்டேன் மச்சான். தப்புதான். அதுக்குன்னு கரும்ப பஸ்ல போட்டு அனுப்புவியா? எனக்கு எப்பிடி இருந்துது தெரியுமா?" குரல் உடைந்துவிட்டது. கரும்பைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "தாம்பூலத்தோட உங்க வீட்டுக்கு வந்து கூப்டறேன். நெலா உன் மடியிலதான் உக்காரணும்."

செந்தில் துண்டால் முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"வரேன் மாமா," என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஒன்னு. கெழக்கப் பாத்துதான் உக்காருவேன்."

"எங்க கோயில்ல வடக்கப் பாத்துதான் மச்சான் வழக்கம்."

"அது எப்பிடி மாமா? எங்கூட்ல எல்லாருக்கும் கெழக்கப் பாத்துதான் குத்துனாங்க."

"உங்கூட்டு வழக்கம் உங்கூட்ல. சாமி யாரோடது?"

"மடி யாரோடது மாமா?"

இருவரும் என்ஜின் பெட்டிமேல் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டார்கள். இவர் கையால் வடக்கைக் காட்டினார். அவன் கிழக்கைக் காட்டினான். என்னைத் தூக்கிவிடவேண்டும் என்ற நினைப்பே ஒருத்தருக்கும் இல்லை. பேசட்டும், நன்றாகப் பேசி முடிக்கட்டும் என்று நான் பலகையைப் பிடித்தபடி தண்ணீரிலேயே கிடந்தேன்.